காலியாக விட்ட நாலு வரி

— அப்படி இழுக்காத தம்பி, கிழிஞ்சிடும். ஆஸ்பத்திரி பெட்ஷீட்டு, எத்தனை தடவை கொதிச்ச துணியோ. மூலையோட மூலை சேரு, அப்புறம் இழு.

— சரிங்க அண்ணி.

— சரி சரின்னுதான் சொல்ற. அந்த ஃபாரத்தை மேசை மேல வைன்னு அப்பவே சொன்னேன். கக்கத்துல இடுக்கிக்கிட்டு எப்படி மடிப்ப?

— கசங்கிடக் கூடாதுன்னு பாத்தேன்.

— இந்தச் சலவைக்கூடத்துக்கு வந்து கசங்காததுன்னு ஒண்ணு உண்டா? வை அங்க. இஸ்திரி மெஷின் பக்கம் வேணாம், சூட்டுல சுருண்டுக்கும்.

— வச்சுட்டேன். அஞ்சு மணிக்கு காலேஜ்ல ஃபாரம் வாங்கற ஜன்னலைச் சாத்திடுவாங்க அண்ணி. இங்கேருந்து பஸ்ஸுல அரை மணி நேரம். இன்னைக்குத்தான் கடைசி நாள்.

— வந்ததுலேருந்து மூணு தடவை சொல்லிட்ட. எனக்கும் கடிகாரம் பாக்கத் தெரியும். என் ஜோடிக்காரி இன்னைக்கு லீவு. ரெண்டு வண்டி துணி அப்படியே கிடக்கு. பெட்ஷீட்டைத் தனியா மடிக்க எனக்கு நாலு கை இல்ல. வந்ததுதான் வந்த, பிடி. மடிச்சுக்கிட்டே பேசு. பேசாட்டியும் பரவால்ல.

— யாரும்மா அது? வெளியாள் உள்ள வரக் கூடாதுன்னு வாசல்ல எவ்வளவு பெருசா எழுதிப் போட்டிருக்கு!

— என் கொழுந்தன்தான், சூப்பர்வைசர் அக்கா. ஒரு கை பிடிக்கறாரு. இல்லாட்டி இன்னைக்கு முடியாது.

— கொழுந்தனா? உனக்கு ஒரு கொழுந்தன்தானே?

— ஆமாக்கா. அவருதான்.

— ஓகோ. சரி சரி, நமக்கென்ன வம்பு. நாலரைக்கு வார்டு வண்டி வந்துடும், அதுக்குள்ள முடிச்சுடுங்க. தம்பி, மெஷின்ல மட்டும் கை வச்சுடாதப்பா.

— வைக்கலீங்க மேடம்.

— மேடமாம். அவளே போன வருஷம் வரைக்கும் என்கூட நின்னு மடிச்சவ.

— பழக்கம் அண்ணி. ஜெயிலுக்குள்ள யாரு குரல் உசந்தாலும் சார், மேடம். வாய் தானா சொல்லிடுது. இங்க எல்லாருக்கும் என்னைப் பத்தித் தெரியுமா?

— தெரியாம இருக்குமா? பதினோரு வருஷமா ஒருத்தி தனியா நின்னா, புருஷன் எங்கன்னு கேக்க மாட்டாங்களா?

— என்னன்னு சொல்லுவீங்க?

— கோர்ட்டுல சொன்னதைத்தான். குடிச்சிருந்தான், பஸ்ஸுல போகலாம்னு நாங்க ரெண்டு பேரும் தலையால தண்ணி குடிச்சோம், கேக்காம வண்டியை எடுத்தான், மரத்துல கொண்டுபோய் விட்டான். வேற என்ன சொல்ல?

— சரிங்க அண்ணி.

— அடுத்ததை எடு. நல்லாத்தான் மடிக்கற. எங்க ஆளுங்களுக்கே இந்த ஓரம் இப்படி நேரா வராது.

— உள்ள ஏழு வருஷத்துல நாலு வருஷம் சலவைக் கொட்டகைதான். கம்பளி. இதை விட கனம். ரெண்டு பேரு பேசவே கூடாது, கண்ணாலேயே பிடிச்சு மடிக்கணும்.

— நாலு வருஷமாச்சு நீ வெளிய வந்து. ஒரு தடவை வந்து பாத்தியா?

— அம்மா செத்த அன்னைக்கு வந்தேனே.

— அத்தை செத்தாங்கன்னு வந்த. வாசல்ல நின்ன. தூக்கினதும் போயிட்ட. அது வந்ததா?

— உங்க பாப்பா என்னைப் பாத்து உள்ள போயிட்டா அண்ணி. அப்புறம் எப்படி நிக்கறது?

— அவ மேல தப்பில்ல.

— தப்புன்னு நான் சொல்லலையே.

— இப்ப மட்டும் எப்படி வழி தெரிஞ்சுது? கையெழுத்து வேணும்னதும்?

— ஆமா அண்ணி. அதுக்குத்தான் வந்தேன். சுத்தி வளைக்கல.

— என்ன காலேஜ் அது? தண்டனை முடிச்சவனை வான்னு கூப்பிட்டுட்டு, செத்தவன் வீட்டுல கையெழுத்து வாங்கிட்டு வான்னா?

— முன்னெல்லாம் எங்களை வாசல்லயே விட மாட்டாங்க. இப்ப ரெண்டு வருஷமா சாயங்கால வகுப்புல இருபது சீட்டு எங்களுக்குன்னு ஒதுக்கியிருக்காங்க. ரெண்டு தடவையும் நான் போட்டுப் பாத்தேன். அதுக்கு மூணு தாள் வேணும். நன்னடத்தைச் சான்று, அது இருக்கு. என்ன நடந்துச்சு, ஏன் நடந்துச்சுன்னு சொந்தக் கையால எழுதின தாள். அப்புறம் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு ஆட்சேபணை இல்லைன்னு ஒரு கையெழுத்து.

— போன தடவை யாரு போட்டா?

— அம்மாதான். ரெண்டு வருஷமும் அம்மாதான் போட்டாங்க.

— அத்தையா? என்கிட்ட மூச்சு விடலையே!

— செத்தவனுக்கும் அம்மா, கொன்னவனுக்கும் அம்மா. ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே கைதான் கையெழுத்துப் போட்டுது. அந்த கிளார்க்கு பாத்துட்டு, இது செல்லுமா செல்லாதான்னு அரை நாள் முழிச்சான். கடைசியில செல்லும்னுட்டான். இப்ப அம்மா இல்ல. பாப்பாவுக்கு வயசு ஆகல. நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க.

— ஆக, போக்கிடம் இல்லாம வந்திருக்க.

— ஆமா.

— இழு. இன்னும். ம். ரெண்டு வருஷமும் சீட்டு குடுக்கலயா?

— குடுக்கல.

— அப்புறமும் எதுக்கு விடாம நிக்கற? முப்பத்தெட்டு ஆச்சு உனக்கு. கோடவுன்ல வேலை இருக்கு. என்ன படிக்கப் போற அப்படி?

— கணக்கு.

— கணக்கா?

— ஆமா அண்ணி.

— கணக்கு படிச்சு என்ன பண்ணுவ?

— தெரியல. புடிச்சிருக்கு.

— புடிச்சிருக்காம்.

— உள்ள கம்பளி மடிக்கறப்ப ஒருத்தன் பந்தயம் கட்டினான். எவ்வளவு பெரிய துணியா இருந்தாலும் கையால பாதி பாதியா ஏழெட்டு தடவைக்கு மேல மடிக்க முடியாதுன்னு. அவன் சொன்னது நிஜம். நான் ஒரு வாரம் தூங்கல. ஏன் முடியல, ஏன் முடியலன்னு. சனிக்கிழமை பாடம் நடத்த ஒரு டீச்சர் வருவாங்க, அவங்களைக் கேட்டேன். ஒரு தாளை எடுத்து ரெண்டு, நாலு, எட்டுன்னு எழுதிக் காட்டினாங்க. பத்தாவது மடிப்புல ஆயிரத்துச் சொச்சம் அடுக்கு. அப்படியே உக்காந்துட்டேன் அண்ணி. அன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் நான் எங்க இருக்கேங்கறதே மறந்துபோச்சு. அவ்வளவுதான். அதுக்கப்புறம் விட முடியல.

— பாப்பாவும் கணக்குல புலி. அவங்க அப்பாவுக்கும் வராது, எனக்கும் வராது. எங்கேருந்து வந்துச்சோன்னு பாத்தேன்.

— நிஜமாவா? எவ்வளவு வாங்குவா?

— அதெல்லாம் உனக்கு எதுக்கு?

— சும்மா கேட்டேன்.

— தொண்ணூத்தெட்டு. சிரிக்காத. அந்த மூலையைப் பிடி, தரையில புரளுது.

— பிடிச்சுட்டேன்.

— ஒண்ணு சொல்லவா தம்பி? கோவிச்சுக்காத. கோவிச்சாலும் எனக்கு ஒண்ணுமில்ல. இப்ப நீ பேசினியே, புடிச்சிருக்குன்னு. அதைக் கேக்கறப்ப வயிறு எரியுது. ஜெயிலுக்குப் போனவன் நீ. உனக்குப் புடிச்சது ஒண்ணு கிடைச்சிருக்கு. வெளிய இருந்தவ நான். எனக்கு என்ன கிடைச்சுது, சொல்லு? காலையில ஏழு மணிக்கு இந்த ஆவி. சாயங்காலம் கால் வீக்கம். நடுவுல அடுத்தவங்க படுத்த துணி. ஆட்சேபணை இல்லைன்னு எப்படிப் போடறது? இருக்கே!

— இருந்தா இருக்குன்னே எழுதுங்க அண்ணி. அதுக்கும் கட்டம் இருக்கு. நீங்க எதுல டிக் அடிச்சாலும் நான் கொண்டுபோய்க் குடுத்துடுவேன்.

— பெரிய தியாகி!

— தியாகம் எல்லாம் இல்ல. அலுத்துப்போச்சு. சீட்டு வரலன்னாலும் சரி, இந்த வருஷத்தோட இந்த ஓட்டம் முடியும். மூணு தடவைக்கு மேல போட முடியாது. விதி.

— இதான் கடைசியா?

— இதான் கடைசி.

— ...அந்தக் குவியல் முடிஞ்சுதா?

— முடிஞ்சுது. இன்னும் ஒரு வண்டி.

— இரு. கண்ணாடியைப் போட்டுக்கறேன். அந்தத் தாளைக் குடு, என்னதான் எழுதியிருக்கன்னு பாப்போம். படிக்காம கையெழுத்துப் போட நான் என்ன மந்திரியா?

— அது எதுக்கு அண்ணி? நீங்க கையெழுத்துப் போட வேண்டியது இந்தத் தாள். அது என்னோடது.

— என் புருஷன் செத்த கதை, எனக்குக் காட்ட மாட்டியா? குடு இங்க.

— சத்தமா வேணாம் அண்ணி. அந்தம்மா காதுல விழும்.

— மெஷின் போடற கூச்சல்ல எனக்கே கேக்காது. 'அன்று மாலை நானும் என் அண்ணனும் அண்ணியும் அவர்களுடைய மூன்று வயதுக் குழந்தையும் உறவினர் வீட்டுக்கு என் சரக்கு வண்டியில் போயிருந்தோம். அங்கே நான் மது அருந்தினேன். எவ்வளவு என்று நினைவில்லை. கடைசிப் பேருந்து வர ஒரு மணி நேரம் இருந்தது.' கையெழுத்து நல்லா இருக்கு. முன்னெல்லாம் கோழி கிறுக்கின மாதிரி எழுதுவ.

— அங்க நேரம் இருந்துச்சு.

— இது என்ன, இந்த இடம்? நாலு வரி சும்மா விட்டிருக்க?

— கீழ படிங்க.

— 'எட்டரை மணிக்கு வண்டி கிளம்பியது. நான்தான் ஓட்டினேன். பாலம் தாண்டி முதல் வளைவில் மரத்தில் மோதினேன். முன்னால் இருந்த என் அண்ணன் அங்கேயே இறந்தார். பின்னால் இருந்த அண்ணிக்குத் தோள் எலும்பு முறிந்தது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. என் அண்ணனின் முகத்தை நான் என் சட்டையால் துடைத்தேன். அவர் ஏதோ சொல்ல வந்தார்.' ...என்ன சொல்ல வந்தாரு?

— தெரியல அண்ணி. சொல்லி முடிக்கல.

— என்கிட்ட நீ சொன்னதே இல்லையே இதை.

— எப்ப சொல்றது? நீங்க ஆஸ்பத்திரியில, நான் லாக்கப்புல.

— பிடி, இந்தத் தாளைப் பிடி. கண்ணாடி மங்குது. ஆவி.

— கொஞ்சம் உக்காருங்க. மிச்சத்தை நான் பாதி பாதியா மடிச்சு வைக்கறேன்.

— ஒண்ணும் வேணாம். அடியில இன்னொரு தாள் இருக்கே, ஓரத்துல சிவப்பு மையில என்னமோ கிறுக்கியிருக்கே?

— அது போன வருஷத்துத் தாள் அண்ணி. திருப்பிக் குடுத்துட்டாங்க. சேத்து வச்சிருந்தேன், பாத்து எழுத. அதை விடுங்க.

— 'விண்ணப்பதாரர் தன் செயலுக்கான பொறுப்பை முழுமையாக ஏற்கவில்லை. நிராகரிக்கப்படுகிறது.' இது யாரு எழுதினது?

— நேர்காணல்ல மூணு பேரு இருப்பாங்க. ஒருத்தர் தூங்குவாரு. ஒருத்தர் வாட்ச்சைப் பாத்துக்கிட்டே இருப்பாரு. ஒரு அம்மா மட்டும்தான் கேள்வி கேப்பாங்க. நல்ல அம்மாதான். அவங்க எழுதினது.

— நீ பொறுப்பு ஏத்துக்கலையாமா? நீயா? ஏழு வருஷம் யாரு இருந்தா, அவங்க மாமனாரா?

— அவங்க கேக்கறது நியாயம்தான் அண்ணி. முதல் வருஷமும் அதையேதான் கேட்டாங்க. குடிச்சிருக்கோம்னு தெரியுது, பஸ் வரப் போகுதுன்னு தெரியுது, அப்புறம் ஏன் வண்டியில ஏறினீங்கன்னு.

— நீ என்ன சொன்ன?

— தெரியலீங்க மேடம்னேன்.

— தெரியலயா!

— ரெண்டு வருஷமும் அதான் சொன்னேன். அந்தம்மா தண்ணி குடுத்தாங்க. நேரம் எடுத்துக்குங்க, யோசிச்சு எழுதுங்க, இந்த ஒரு இடம் மட்டும்தான் உங்ககிட்ட குறைன்னாங்க. அதான் நாலு வரி.

— ஏதாவது எழுதித் தொலைக்க வேண்டியதுதானே? போதை ஏறிடுச்சு, புத்தி கெட்டுப்போச்சு, எவன் சொன்னாலும் கேக்கலன்னு?

— முதல் வருஷம் எழுதிப் பாத்தேன் அண்ணி. கீழ, மேலே சொன்னது எல்லாம் உண்மைன்னு கையெழுத்துப் போடணும். பேனா அங்க வந்து நின்னுடுச்சு. கிழிச்சுப் போட்டுட்டு வேற தாள் வாங்கினேன்.

— கோர்ட்டுல மட்டும் எல்லாத்துக்கும் ஆமா ஆமான்னு தலையாட்டின.

— அது அவங்களா கேட்டது, நான் தலையாட்டினது. இது நானா எழுதறது. வித்தியாசம் இருக்கு. கணக்குல கூட, நடுவுல ஒரு வரி தெரியலன்னா காலியா விட்டுட்டுப் போலாம். கால் மார்க்கு குறையும், அவ்வளவுதான். தப்பா எழுதிட்டா கீழ வர்றது எல்லாமே தப்பு.

— கால் மார்க்கா? சீட்டே போகுதேடா!

— போகட்டும்.

— என்னம்மா, ஒரு வண்டி அப்படியே நிக்குது! கதை பேசற இடமா இது?

— ஆச்சுக்கா, ஆச்சு. பத்து நிமிஷம்.

— அழறியா என்ன?

— ஆவிக்கா. கண்ணு எரியுது.

— நமக்கென்ன வம்பு. அழறதுன்னா அந்தத் துண்டுக் குவியல் பக்கம் போய் அழு, இங்க எல்லாரும் பாக்கறாங்க. தம்பி, நீ பிடிப்பா, நான் ஒரு முனை பிடிக்கறேன்.

— வேணாம்க்கா, நானே பாத்துக்கறேன். நீங்க போங்க.

— மணி நாலு பத்து அண்ணி. உங்களுக்கு முடியலன்னா விட்டுடுங்க. இந்த வண்டியை முடிச்சுக் குடுத்துட்டு நான் கிளம்பறேன். வந்ததுக்கு உங்களைப் பாத்தாச்சு. பாப்பா தொண்ணூத்தெட்டு. அதுவே போதும்.

— எங்க கிளம்பற? ஆட்சேபணைத் தாளை எடு. எந்தக் கட்டம்?

— இது. 'இல்லை'ங்கற கட்டம். கீழ கையெழுத்து.

— ம். இந்தா.

— அண்ணி...

— கும்பிடாதே. கையைக் கீழ போடு. இது மட்டும் கொண்டுபோனா சீட்டு குடுத்துடுவாங்களா?

— ...கஷ்டம்தான். அந்த இடம் காலியா இருந்தா, அந்தம்மாவால ஒண்ணும் பண்ண முடியாதாம். சொல்லிட்டாங்க.

— தெரிஞ்சும் வந்திருக்க.

— கொண்டுபோய்க் குடுத்துட்டா என் பக்கம் முடிஞ்சுது. அதுக்குத்தான்.

— இவ்வளவு நேரம் நின்னியே என் எதிர்ல, ஒரு வார்த்தை கேட்டியா? அண்ணி, இந்த நாலு வரியை என்ன பண்ணட்டும்னு? பதினோரு வருஷத்துல அத்தைகிட்டயாவது சொன்னியா? வக்கீல்கிட்ட?

— அது என்னோடது மட்டும் இல்லையே அண்ணி. நான் எப்படி எடுத்துக் குடுக்க முடியும்?

— பேனாவைத் திற.

— வேணாம் அண்ணி.

— சொந்தக் கையாலதான் எழுதணும்னு போட்டிருக்கு, இல்லாட்டி நானே எழுதியிருப்பேன். திறன்னா திற.

— பாப்பா இருக்கா. நாளைக்கு யாராவது அவகிட்ட...

— யாராவது எதுக்குச் சொல்லணும்? இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் நான் சொல்றேன். என் மூஞ்சியில முழிப்பாளோ மாட்டாளோ, அது என் பாடு.

— உங்களுக்குச் சிக்கல் வரும் அண்ணி. கோர்ட்டு, போலீசுன்னு ஆயிடும். எனக்கு ஒரு சீட்டு வரணும்னு நீங்க எதுக்கு...

— வரட்டும். எனக்கும் அலுத்துப்போச்சுடா தம்பி. இங்க ஒவ்வொருத்தியும் கேக்கறப்ப அதே கதையைச் சொல்லிச் சொல்லி. எழுது. 'வண்டி இங்கயே கிடக்கட்டும், பஸ்ஸுல போகலாம் என்று அண்ணன் சொன்னார்.'

— '...என்று அண்ணன் சொன்னார்.'

— எழுதிட்டியா?

— எழுதிட்டேன்.

— அடுத்த வரி. 'நான் குடிச்சிருக்கேன், ஓட்ட மாட்டேன்னு சொல்லிட்டு நானும் அங்கயே படுத்துட்டேன்.' எழுது. 'காலையில ஏழு மணிக்கு எனக்கு வேலை, ஒரு மணி நேரமெல்லாம் பஸ்ஸுக்கு உக்காந்திருக்க முடியாது, ரெண்டு டம்ளர்ல என்ன ஆயிடும்னு சொல்லி என்னை உலுக்கி எழுப்பி, என் கையில சாவியைத் திணிச்சது அண்ணி.'